பழைய கம்ப்யூட்டருக்கு மலிவான கிராஃபிக்ஸ் கார்டு: பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்

நான் முதன்முதலில் வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு மூன்று வாரம் அலமாரியில் தூங்கியது. கார்டில் கோளாறு எதுவும் இல்லை. அதன் ஓரத்தில் ஆறு பின் கொண்ட மின் சாக்கெட் ஒன்று இருந்தது. என் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையிலிருந்து வந்த வயர்களில் அதில் பொருந்தக்கூடியது ஒன்றுகூட இல்லை. அட்டைப் பெட்டியின் மேல் இருந்த படத்தையும், பெரிதாக அச்சிட்டிருந்த ‘4 ஜிபி’யையும் பார்த்து வாங்கியவனுக்கு வேறென்ன நடக்கும்?

பழைய கம்ப்யூட்டர் விஷயத்தில் கார்டைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நாம் இல்லை, அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிதான். அது தரக்கூடிய மின்சாரம், உள்ளே இருக்கும் இடம், கார்டைச் செருகும் ஸ்லாட், ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருள் எல்லாம் சேர்ந்து சந்தையில் உள்ள அத்தனை கார்டுகளையும் நான்கைந்தாகக் குறைத்துவிடும். மிச்சமிருப்பதில் எது மலிவு என்று பார்ப்பது சுலபமான வேலை. அதனால் கார்டுகளின் பெயர்கள் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

கார்டு தேவைதானா?

‘கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது’ என்பது உங்கள் குறையானால், கார்டு வாங்காதீர்கள். ஆன் ஆகவே இரண்டு நிமிடம், பிரௌசர் திறக்க அரை நிமிடம் என்றால் குற்றவாளி பழைய ஹார்டு டிஸ்க். ஒரு எஸ்எஸ்டி போட்டால் ஆளே மாறிவிடும். நாலைந்து டேப் திறந்ததும் திணறுகிறது என்றால் ராம் போதவில்லை. இந்த இரண்டு நோய்க்கும் கிராஃபிக்ஸ் கார்டு மருந்தாகாது.

கார்டு உதவும் இடங்கள் வேறு. எல்லாப் பாகங்களும் மாட்டப்படும் மதர்போர்டிலேயே உள்ள மானிட்டர் சாக்கெட் பழுதாகிவிட்டது, இரண்டாவது மானிட்டர் இணைக்க வேண்டும், பெரிய வீடியோக்கள் விட்டுவிட்டு ஓடுகின்றன, கேம் ஆட வேண்டும், வீடியோ எடிட்டிங் செய்ய வேண்டும். இதில் உங்களுடையது எது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கப் போகும்போது ஆசை அதை மாற்றிவிடும்.

கேமுக்காக என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. இப்போது ஓடுகிற ஏதாவது ஒரு கேமைக் குறைந்த ரெசல்யூஷனில், எல்லா அமைப்புகளையும் தணித்துவிட்டு ஓடவிட்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். அப்போதும் புராசஸர் 100 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டு நின்று, படம் திக்கித் திக்கி வந்தால், புது கார்டு போட்டாலும் அதே திக்கல்தான். புராசஸர் ஒவ்வொரு காட்சிக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தால்தான் கார்டு வரைய முடியும். தவிர, ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பு இல்லாத புராசஸரில் சில புதிய கேம்கள் திறக்கவே திறக்காது. இன்டெல்லில் அது 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை கோர் வரிசையில்தான் சேர்ந்தது. கோர் 2 டுவோ வைத்திருப்பவர்கள் படம் காட்டுவதற்கு மட்டும் ஒரு சின்ன கார்டு போட்டால் போதும். அதற்கு மேல் செலவு செய்வது வீண்.

பெட்டியைத் திறங்கள்

பவர் பட்டனை அணைத்து, மின் வயரைப் பிடுங்கி, கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். தூசியைத் துடைக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. கையில் டார்ச், அளவுகோல், தாள், பேனா இருக்கட்டும்.

முதலில் ஸ்லாட். புராசஸருக்குக் கீழே, கிட்டத்தட்ட 9 செ.மீ. நீளத்தில் படுத்திருப்பதுதான் பிசிஐ எக்ஸ்பிரஸ் 16 லேன் ஸ்லாட் (லேன் என்றால் தரவு ஓடும் பாதை). அதன் ஒரு முனையில் கார்டைப் பிடித்துக்கொள்ளும் சின்னக் கொக்கி இருக்கும். பக்கத்திலேயே இரண்டரை செ.மீ. நீளத்தில் குட்டி ஸ்லாட்டுகளும் இருக்கலாம். அவை வேறு வேலைக்கு. இரண்டு நீள ஸ்லாட்டுகள் இருந்தால் புராசஸருக்கு அருகில் உள்ளதையே நம்புங்கள். கீழே உள்ளது பார்வைக்கு நீளமாக இருந்தாலும் உள்ளே நான்கு லேன்களுக்கு மட்டும் வயர் ஓடியிருக்கக்கூடும். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பாதி தூரத்துக்குத்தான் உலோகக் கம்பிகள் தெரியும். பிசிஐ எக்ஸ்பிரஸ் 2004 வாக்கில்தான் பரவலானது. அதற்கும் முந்தைய ஏஜிபி ஸ்லாட் உள்ள போர்டு என்றால் பெட்டியை மூடிவிடுங்கள், அதற்கு இப்போது கார்டு தேடுவது காசுக்குப் பிடித்த கேடு.

மதர்போர்டின் மாடல் எண்ணையும் புராசஸரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இரண்டையும் சொல்லிவிடும். அந்த மாடல் எண்ணை வைத்து ஸ்லாட்டின் தலைமுறை 2.0வா 3.0வா என்று தேடிக்கொள்ளலாம். இன்டெல்லில் இரண்டாம் தலைமுறை கோர் வரை 2.0, மூன்றாம் தலைமுறையில் 3.0 வந்தது. எந்தத் தலைமுறைக் கார்டும் எந்தத் தலைமுறை ஸ்லாட்டிலும் பொருந்தும். ஆனால் பொருந்துவது வேறு, முழு வேகத்தில் ஓடுவது வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மின்சாரம்: இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்

பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் மொத்த வாட் எண் பெரிதாக அச்சாகியிருக்கும். அதைவிட முக்கியமானது அதே ஸ்டிக்கரில் சின்னக் கட்டங்களுக்குள் இருக்கும் 12 வோல்ட் வரி. கிராஃபிக்ஸ் கார்டும் புராசஸரும் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் உயிர் வாழ்கின்றன. 12 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்று இருந்தால் 192 வாட். பெயர் தெரியாத மலிவுப் பவர் சப்ளைகளில் மேலே ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, 12 வோல்ட்டில் அதில் பாதிகூட இல்லாததைப் பார்த்திருக்கிறேன். மறுபக்கம், அலுவலக மேஜைகளில் இருந்து வரும் பிராண்டட் பெட்டிகளில் 240 அல்லது 300 வாட் என்று அடக்கமாக எழுதியிருக்கும், ஆனால் எழுதியதைத் தரும்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் ஒரு கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தரக்கூடிய உச்ச அளவு 75 வாட். அதற்கு மேல் குடிக்கும் கார்டுக்கு பவர் சப்ளையிலிருந்து தனி வயர் போக வேண்டும்: ஆறு பின் வயர் 75 வாட் வரை, எட்டு பின் வயர் 150 வாட் வரை தரும். பிராண்டட் அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் இந்த வயர் இரண்டுமே கிடையாது. பவர் சப்ளையை மாற்றலாமே என்றால், அவற்றின் மதர்போர்டு சாக்கெட்டும் பெட்டியின் அளவும் அந்த நிறுவனத்துக்கே உரியதாக இருப்பதுண்டு. வெளியில் கிடைக்கும் பொதுவான பவர் சப்ளை உள்ளே நுழையாது.

அப்போது யாராவது ஒருவர் வந்து, ‘ஹார்டு டிஸ்க் வயரை ஆறு பின்னாக மாற்றும் அடாப்டர் இருக்கிறதே’ என்பார். ஹார்டு டிஸ்குக்குப் போகும் சாட்டா மின் இணைப்பு 12 வோல்ட்டில் தாங்கக்கூடியது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். அதிலிருந்து 75 வாட் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும், சில நேரம் புகையும். என் கார்டு அலமாரியில் இருந்த மூன்றாவது வாரம் நானும் அந்த அடாப்டரை வாங்கிக் கையில் வைத்திருந்தேன். மாட்டவில்லை, அந்த ஒரு முடிவுக்காக இன்றும் என்னை நானே மெச்சிக்கொள்வதுண்டு.

அதனால் புதியவர்களுக்கு என் பரிந்துரை ஒன்றே: தனி மின் வயர் கேட்காத, 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுகளை மட்டும் பாருங்கள். கணக்கும் எளிது. 65 வாட் அல்லது 95 வாட் புராசஸர், கார்டுக்கு 75, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 50 என்று வைத்தால் 220 வாட்டுக்குள் நிற்கும். 300 வாட் பவர் சப்ளைக்கு அது சுகமான சுமை. பத்து வருடம் உழைத்த பவர் சப்ளையின் கெபாசிட்டர்கள் தளர்ந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். எழுதியிருப்பதில் முக்கால் பங்குக்கு மேல் அதை வேலை வாங்காதீர்கள். 240 வாட்டுக்குக் கீழே என்றால் 30, 40, 50 வாட் கார்டுகளோடு நின்றுகொள்ளுங்கள்.

இடம்

கேபினெட் மெலிந்த வகையா என்று பாருங்கள். பின்பக்கம் கார்டு வெளியே எட்டிப்பார்க்கும் திறப்பின் உயரம் சுமார் 12 செ.மீ. என்றால் சாதாரண அளவு, 8 செ.மீ. என்றால் ‘லோ புரொஃபைல்’ எனப்படும் குள்ளக் கார்டுதான் நுழையும். கார்டைக் கேபினெட்டில் பொருத்தும் இரண்டு உயரத் தகடுகளும் கார்டின் அட்டைப் பெட்டியிலேயே வருவதுண்டு. பழைய கார்டு வாங்கும்போது அந்தக் குள்ளத் தகடு தொலைந்து போயிருக்கும், கேட்டு வாங்குங்கள்.

அடுத்து நீளம். ஸ்லாட்டின் பின்முனையிலிருந்து முன்னால் ஹார்டு டிஸ்க் கூண்டு வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு தடிமன். பல கார்டுகள் ஃபேனோடு சேர்ந்து இரண்டு ஸ்லாட் இடத்தைப் பிடிக்கும். அடியில் உள்ள குட்டி ஸ்லாட்டில் வைஃபை கார்டு இருந்தால் அது போச்சு. சில போர்டுகளில் சாட்டா வயர்கள் சரியாகக் கார்டு படுக்கும் இடத்தில்தான் முளைத்திருக்கும்.

பயாஸும் மானிட்டர் வயரும்

இப்போது வரும் கார்டுகள், பயாஸின் புதிய வடிவமான யுஇஎஃப்ஐ உள்ள போர்டை எதிர்பார்க்கின்றன. 2012க்குப் பிறகு வந்த போர்டுகளில் பெரும்பாலும் அது உண்டு. அதற்கு முந்தைய, பழைய பயாஸ் மட்டுமே உள்ள போர்டுகளில் புதிய கார்டைச் செருகினால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும். குறிப்பாக 2010-11 காலத்து பிராண்டட் அலுவலகப் பெட்டிகள் இதில் பிடிவாதக்காரர்கள். உங்களுடையது அந்த வகை என்றால், அதே மாடல் பெட்டியில் அந்தக் கார்டு ஓடியதாக யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடிவிட்டு வாங்குங்கள். மதர்போர்டு நிறுவனம் கடைசியாக வெளியிட்ட பயாஸைப் போட்டால் சில போர்டுகள் மனம் மாறும்.

மானிட்டரில் நீல நிற விஜிஏ சாக்கெட் மட்டும் இருக்கிறதா? அப்படியானால் கவனம். கிராஃபிக்ஸ் சிப் செய்யும் நிறுவனங்களில் என்விடியாவின் 10 வரிசையிலிருந்தும் (ஜிடி 1030, ஜிடிஎக்ஸ் 1050 போன்றவை) ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 400 வரிசையிலிருந்தும் கார்டுகள் விஜிஏவுக்குத் தேவையான அனலாக் சிக்னல் தருவதை நிறுத்திவிட்டன. ஜிடி 1030இல் டிவிஐ சாக்கெட் இருந்தாலும் அது டிஜிட்டல் மட்டும் தரும் வகை. டிவிஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் வெறும் பிளாஸ்டிக் குமிழ் அதில் பொருந்தவே பொருந்தாது. எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து விஜிஏவாக மாற்றும், உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர்தான் வேலை செய்யும். அதன் செலவையும் கார்டு செலவோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் ஒன்று, சரக்கு வேறு

சரி, இப்போது கார்டுகளுக்கு வரலாம். மலிவு விலைக் கார்டுகளின் உலகத்தில் ஒரே பெயரில் இரண்டு மூன்று சரக்கு இருக்கும். வாங்குபவர் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். சட்டப்படி யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள், அதுதான் வேடிக்கை.

ஜிடி 1030ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் வந்தபோது அதில் ஜிடிடிஆர்5 வகை மெமரி. அடுத்த ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு இன்னொன்று வந்தது. இரண்டிலும் 2 ஜிபி. ஆனால் முதலாவதில் மெமரிக்கும் சிப்புக்கும் இடையே நொடிக்கு 48 ஜிபி ஓடும், இரண்டாவதில் 16.8 மட்டும். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அட்டைப் பெட்டியில் வித்தியாசம் ஒரே ஒரு எழுத்து வரியில் இருக்கும்.

மெமரியின் அளவு குளம் என்றால், இந்த வேகம்தான் மடை. குளம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மடை குறுகலாக இருந்தால் வயலுக்குத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். ஜிடி 730இல் 4 ஜிபி டிடிஆர்3 என்று விற்கிறார்களே, அது இந்தக் கதைதான். அந்தச் சிப் 4 ஜிபியை உருப்படியாகப் பயன்படுத்தும் வேகத்தில் எதையும் வரையாது. போதாததற்கு ஜிடி 730 என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு தலைமுறைச் சிப்புகள் விற்கப்பட்டிருக்கின்றன.

இதே போல ஆர்எக்ஸ் 560இல் 1024 ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள்) உள்ளதும் உண்டு, 896 மட்டும் உள்ளதும் உண்டு. ‘ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி’ என்று வால் நீண்ட ஒன்று இருக்கிறது. அது ஏறக்குறைய ஆர்எக்ஸ் 570தான். ஜிடிஎக்ஸ் 1650இல் மட்டும் விஷயம் நல்லவிதமாகத் திரும்பியது: முதலில் ஜிடிடிஆர்5, 2020இல் ஜிடிடிஆர்6 வந்து வேகம் நொடிக்கு 128 ஜிபியிலிருந்து 192 ஆனது.

எனவே கார்டின் பெயரோடு நின்றுவிடாமல் மூன்று விவரங்களைக் கேளுங்கள்: மெமரி என்ன வகை, அதற்கும் சிப்புக்கும் இடையிலான பாதை (பஸ்) எத்தனை பிட், மின் சாக்கெட் உண்டா இல்லையா. மூன்றாவது முக்கியம். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1650 இரண்டும் அடிப்படையில் 75 வாட் கார்டுகள். ஆனால் சில தயாரிப்பாளர்கள் வேகத்தைக் கூட்டி ஆறு பின் சாக்கெட் வைத்து விற்றிருக்கிறார்கள். நான் அலமாரியில் வைத்திருந்தது அந்த ரகம்.

பிறகு சொல்கிறேன் என்ற லேன் விவகாரம்

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 காகிதத்தில் பழைய பெட்டிக்கென்றே செய்தது போல இருக்கும். 53 வாட், குள்ளம், மின் வயர் வேண்டாம், 4 ஜிபி ஜிடிடிஆர்6. ஆனால் அது ஸ்லாட்டோடு பேச நான்கு லேன்களை மட்டும் பயன்படுத்துகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 ஸ்லாட்டில் நான்கு லேன் என்றால் நொடிக்குச் சுமார் 8 ஜிபி, பிரச்சினை இல்லை. 3.0இல் அது 4 ஆகிறது, 2.0இல் வெறும் 2. கேம் ஒன்று 4 ஜிபி மெமரியைத் தாண்டி விரியும்போது மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் ராமிலிருந்து இந்த ஒற்றையடிப் பாதை வழியாகத்தான் இழுக்க வேண்டும். அங்கே படம் தடுக்கி விழும். 3.0 ஸ்லாட்டில் இதைப் போட்டால் கேமின் அமைப்புகளை மெமரிக்குள் அடங்குமாறு தணித்து வைக்க வேண்டும். 2.0 ஸ்லாட் என்றால் நான் வாங்க மாட்டேன்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கும் அதே நான்கு லேன்தான், மேலும் அது தனி மின் வயர் கேட்கும்.

இன்டெல்லின் ஆர்க் ஏ380, ஏ310 வேறு மாதிரி. இவை, கார்டின் மெமரி முழுவதையும் புராசஸர் ஒரே சமயத்தில் அணுக விடும் ‘ரீசைசபிள் பார்’ என்ற வசதி மதர்போர்டில் இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டவை. அது இல்லாவிட்டால் கேம்களில் வேகம் வெகுவாகச் சரியும். இன்டெல்லின் 10ஆம் தலைமுறைக்கு முந்தைய பெட்டியில் கேமுக்காக இவற்றைப் போட வேண்டாம்.

எனக்குத் தோன்றும் பட்டியல்

படம் தெரிந்தால் போதும், இரண்டு மானிட்டர் வேண்டும், அவ்வளவுதான் என்றால் ஜிடிடிஆர்5 மெமரி உள்ள ஜிடி 1030. 30 வாட் மட்டும் குடிக்கும், ஃபேனே இல்லாத மௌன வகையும் உண்டு. திரையை வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது, வீடியோவைச் சுருக்கிப் பதியும் என்கோடர் இதில் இல்லை. ஜிடி 710 இதைவிட மலிவு, ஆனால் அதன் தலைமுறைக்கு வழக்கமான டிரைவர் 2021லேயே நின்றுவிட்டது. மானிட்டர் விஜிஏ, போர்டும் மிகப் பழையது என்ற நிலையில் மட்டும் அதைப் பாருங்கள்.

அதிக ரெசல்யூஷன் வீடியோ தடங்கலில்லாமல் ஓட வேண்டும் என்றால், கார்டு எந்த வீடியோ வடிவங்களைத் தானே பிரித்து வாசிக்கும் என்பதுதான் கேள்வி. எச்இவிசி, விபி9 என்ற வடிவங்கள் ஜிடி 1030க்கே கைவந்தவை. ஏவி1 என்ற புதிய வடிவம் இப்போது நிறைய வருகிறது. அதை வாசிக்க ஆர்க் ஏ310, ஏ380 அல்லது ஆர்டிஎக்ஸ் 3050 தேவை. ஆர்எக்ஸ் 6400 இத்தனை புதியதாக இருந்தும் ஏவி1 வாசிக்காது, எந்த வீடியோவையும் என்கோட் செய்யவும் செய்யாது. ஆர்க் கார்டுகளை வீடியோ வேலைக்கு மட்டும் போடுவதென்றால் முன்பு சொன்ன ரீசைசபிள் பார் குறை அவ்வளவாகத் தெரியாது. யுஇஎஃப்ஐ மட்டும் கட்டாயம்.

கேமுக்கு, மின் வயர் இல்லாத வகையில் வேகமானவற்றில் ஒன்று 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி வகை. 70 வாட். இதே பெயரில் 8 ஜிபி வகையும் உண்டு, அது தனி மின் வயர் கேட்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆனால் நாலு கோர் கொண்ட பத்து வருடப் புராசஸரோடு இதைக் கட்டிப்போடுவது கொஞ்சம் அநியாயம். நாளைக்கு வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்வேன் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் ஜிடிஎக்ஸ் 1650 போதும். அதுவும் கைக்கு எட்டவில்லை என்றால் பழைய 1050 டிஐ. பெரும்பாலான பழைய பெட்டிகளுக்கு நான் கைகாட்டுவது 1650ஐத்தான்: ஸ்லாட்டின் 16 லேன்களையும் பயன்படுத்தும், டிரைவரும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

டிரைவர் என்றதும் ஒரு தேதியைச் சொல்லிவிடுகிறேன். ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 900 வரிசை, 10 வரிசை ஆகியவற்றுக்கு என்விடியா புதிய கேம்களுக்கான டிரைவரை 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். பழைய கேம்கள் ஆட இது ஒன்றும் தடையில்லை, விலை பேசும்போது மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் இருப்பவர்களுக்கு ஏஎம்டி கார்டு நிம்மதி. டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் பழைய கார்டுகளும் பல வருடம் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. பலருக்குத் தெரியாததால் அதன் விலையும் சில சமயம் ஏறாமல் இருக்கும். அலுவலக வொர்க்ஸ்டேஷன்களிலிருந்து கழற்றி விற்கப்படும் என்விடியாவின் குவாட்ரோ பி620, குவாட்ரோ பி1000 கார்டுகள், குவாட்ரோ பெயர் இல்லாத டி600, டி1000 கார்டுகள். எல்லாமே குள்ளம், எல்லாமே 50 வாட்டுக்குள், எதற்கும் தனி மின் வயர் வேண்டாம். சாக்கெட்டுகள் மட்டும் மினி டிஸ்ப்ளே போர்ட். மாற்று வயர் கூடவே தருவார்களா என்று கேளுங்கள். மெலிந்த கேபினெட் வைத்திருப்பவர்கள் முதலில் இவற்றைத் தேடுவது நல்லது.

பழைய கார்டு வாங்கும்போது

இந்த விலையில் பெரும்பாலும் இரண்டாம் கைதான் அமையும். அதில் தப்பில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் வேறு இடம் பாருங்கள்.

ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளை பென் டிரைவில் எடுத்துப் போங்கள். சிப்பின் பெயர், ஷேடர் எண்ணிக்கை, மெமரி வகை, பஸ் அகலம் எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற கிழட்டுச் சிப் உள்ள கார்டுகளுக்குள்ளேயே இருக்கும் பயாஸை மாற்றி ‘1050 டிஐ’ என்று விற்கும் மோசடி வெகுநாளாக நடக்கிறது. விண்டோஸ் அதை நம்பி 1050 டிஐ என்றே காட்டும். ஜிபியு-இசட் 2018 முதல் இத்தகைய என்விடியா போலிகளைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னாலேயே ‘ஃபேக்’ என்று போட்டுவிடுகிறது. புதிய பதிப்பாக எடுத்துப் போனால் போதும்.

பிறகு ஏதாவது கனமான கேமையோ ஃபர்மார்க் போன்ற சோதனையையோ கால் மணி நேரம் ஓடவிடுங்கள். திரையில் புள்ளிகள், கட்டங்கள், கோடுகள் தெரிந்தால் மெமரி போய்விட்டது, பேரம் பேசக்கூட நிற்காதீர்கள். வெப்பம் 80 டிகிரிக்குள் நின்றால் நல்லது. அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் சிப்பின் வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும், அது சரிசெய்யக்கூடியது. ஃபேன் கரகரத்தாலும் அப்படியே, விலையைக் குறைக்கச் சொல்லலாம். ஒவ்வொரு டிஸ்ப்ளே சாக்கெட்டிலும் மானிட்டரைச் செருகிப் பார்க்க மறக்காதீர்கள். கிரிப்டோ நாணயம் ஈட்டும் மைனிங்கில் ஓடிய கார்டு என்றாலே அலற வேண்டியதில்லை. ஃபேன் தேய்ந்திருக்கும், பயாஸ் மாற்றப்பட்டிருக்கலாம், இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் பி106 என்று பெயர் வரும் கார்டுகள் மைனிங்குக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றில் மானிட்டர் மாட்டச் சாக்கெட்டே கிடையாது.

மாட்டுவது

பழைய கார்டு ஏற்கெனவே இருந்தால் அதன் டிரைவரை நீக்கிவிட்டு அணையுங்கள். மின் வயரைப் பிடுங்கிய பின் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினால் உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். கேபினெட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டு உடலில் உள்ள நிலை மின்சாரத்தைக் கழித்துவிட்டு, ஸ்லாட்டுக்கு நேரே உள்ள பின்தகட்டைக் கழற்றி, கார்டை நேராகக் கீழ்நோக்கி அழுத்துங்கள். கொக்கி ‘டிக்’ என்று பூட்ட வேண்டும். திருகைப் போடுங்கள்.

மானிட்டர் வயரைக் கார்டில் செருகுங்கள். சிரிக்காதீர்கள், பழக்க தோஷத்தில் மதர்போர்டின் சாக்கெட்டிலேயே செருகிவிட்டு ‘கார்டு வேலை செய்யவில்லை’ என்று பதறுபவர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன்.

திரை வராவிட்டால் முதலில் கார்டைக் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகிப் பாருங்கள், பாதிக்குப் பாதி அதிலேயே சரியாகும். அப்புறம் மானிட்டரை மதர்போர்டின் சாக்கெட்டில் மாட்டி, பயாஸுக்குள் போய், முதன்மை டிஸ்ப்ளே எது என்ற இடத்தில் பிசிஐ எக்ஸ்பிரஸ் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். திரை வந்ததும், கார்டின் சிப் யாருடையதோ அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்குங்கள். பெட்டியில் வந்த குறுந்தகடு கப் வைக்க உதவும்.

கடைசியாக ஜிபியு-இசட்டை மறுபடி திறந்து, ‘பஸ் இன்டர்ஃபேஸ்’ என்ற கட்டத்தைப் பாருங்கள். ஸ்லாட் 3.0 என்றாலும் அங்கே 1.1 என்று காட்டும். ஏமாந்துவிட்டோமோ என்று வயிறு கலங்கும். கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரத்தைச் சேமிக்க வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி, வரும் சின்னச் சோதனையை ஓடவிட்டால் எண் 3.0க்கு ஏறிவிடும்.